காற்றில் ஓடும் வாய்க்கால்: கம்பியில்லா இணைப்பு நின்றுபோனால் எங்கிருந்து தேடுவது?

மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு மாலை. திகனயில் பிள்ளைகளுக்காக நாம் திறந்து வைத்திருக்கும் படிப்பறையில், நன்கொடையாக வந்த பழைய மடிக்கணினி ஒன்றின் முன்னால் ஒரு மாணவி உட்கார்ந்திருந்தாள். மரக்கறித் தோட்டத்தையும் வீட்டையும் மண்சரிவுக்குப் பறிகொடுத்துவிட்டு, உறவினர் வீட்டு விறாந்தையில் தங்கியிருக்கும் ஒரு குடும்பத்தின் மூத்த மகள். உயர்தரப் பரீட்சையில் சித்தி பெற்றிருந்தாள். பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பத்தை இணையம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். முடிவுத் திகதி மறுநாள். கைபேசியின் சின்னத் திரையில் அத்தனை பக்கங்களை நிரப்ப அவளுக்குப் பயம். ஒரு பிழை நேர்ந்தால் ஓராண்டு போய்விடும் அல்லவா?

“சாமி, கனெக்ஷன் வரமாட்டேங்குது. பாஸ்வேர்ட் போடப் போடத் திரும்பத் திரும்பக் கேட்குது” என்றாள்.

அறையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கணினி பழசு, அது முடிந்துவிட்டது என்றார் ஒருவர். அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் போட்டதால்தான் இந்தக் கரைச்சல் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சொன்னதுதான் எல்லாருக்கும் பிடித்தது: “பாஸ்வேர்டையே எடுத்துவிடுங்க சாமி. பூட்டு இல்லாவிட்டால் சாவி எதற்கு?”

உண்மையைச் சொன்னால், நாமும் அதைச் செய்யத்தான் கையை நீட்டினோம். பிறகு நிறுத்திக்கொண்டோம். அன்றிரவு தேடித் தேடிக் கண்டதையும், அதன் பிறகு படித்தும் பழகியும் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாகத் தருகிறோம். உங்கள் வீட்டிலோ, சங்க அறையிலோ, பிள்ளைகளின் கையிலோ இப்படியொரு கணினி இருந்தால் இந்தப் பக்கங்கள் ஒருநாள் பயன்படும்.

ஏன் லினக்ஸ்?

முதலில் ஒரு விளக்கம். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். எமது பாடசாலைப் புத்தகங்களில் இதற்குப் பணிசெயல் முறைமை என்று பெயர். விண்டோஸ் அவற்றுள் ஒன்று. விண்டோஸ் 10 பதிப்புக்கு வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை அதன் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தியது. புதிய பதிப்பான விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றில் ஏறாது. ஆகவே அலுவலகங்கள் கழித்துவிடும் நல்ல கணினிகள் எம்மைப் போன்றோரிடம் வந்து சேருகின்றன. அவற்றுக்கு மறுவாழ்வு கொடுப்பது லினக்ஸ்.

லினக்ஸின் மையப் பகுதியை 1991 இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். அதன் மூல நிரலை யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். விதை நெல்லைப் பூட்டி வைக்காமல் அயலாருக்கு அளந்து கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. எமது நாட்டவரும் இதில் பின்தங்கவில்லை. கண்டியின் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கிய ‘ஹந்தான லினக்ஸ்’ என்ற பதிப்பு, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு இலங்கையரால் உருவாக்கப்பட்டு வெளிவந்தது.

விலை இல்லை என்பதற்காக வேலையும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பழுது வந்தால் நாமே வாய்க்கால் வழியே நடந்து பார்க்க வேண்டும்.

வயலில் தண்ணீர் வராவிட்டால்

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அனுபவமுள்ள விவசாயி என்ன செய்வார்? வரம்பை வெட்ட மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தம் வயலின் மடையிலிருந்து மேலே நடப்பார். தம் மடை அடைத்திருக்கிறதா? பக்கத்து வயலுக்குப் பாய்கிறதா? வாய்க்காலில் மரம் விழுந்து கிடக்கிறதா? தலைமடையே மூடியிருக்கிறதா? ஒவ்வோர் இடத்திலும் நின்று பார்த்து, தண்ணீர் எந்த இடம் வரை வந்திருக்கிறது என்று கண்டால், அடைப்பு அதற்குக் கீழே இருக்கிறது என்பது உறுதி.

கம்பியில்லா இணைப்பும் அப்படித்தான். சுவரில் மாட்டிய ரவுட்டர் ஒரு சிறிய வானொலி நிலையம். கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டை இன்னொரு சிறிய வானொலி. அவை இரண்டும் பேசுவதற்கு ஐந்து காரியங்கள் வரிசையாக நடக்க வேண்டும். அட்டை உயிரோடு இருக்க வேண்டும். ரவுட்டரின் பெயர் அதன் காதில் விழ வேண்டும். சாவி பொருந்த வேண்டும். கணினிக்கு ஒரு முகவரி கிடைக்க வேண்டும். கடைசியாக, ரவுட்டருக்கு அப்பால் உள்ள இணையம் திறந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை. அதே வைஃபையில் வேறொரு கைபேசியை இணைத்துப் பாருங்கள். கைபேசியில் இணையம் வந்தால் குற்றம் பெரும்பாலும் கணினியில். அதிலும் வராவிட்டால் ரவுட்டரிலோ அதற்கு மேலேயோ. இந்த ஒரு நிமிடச் சோதனை பாதி வேலையைக் குறைத்துவிடும்.

முதலாவது: அட்டை விழித்திருக்கிறதா?

சில மடிக்கணினிகளின் ஓரத்தில் வைஃபைக்கென ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். சிலவற்றில் மேல்வரிசை விசை ஒன்றில் கோபுரப் படமோ விமானப் படமோ இருக்கும். பிள்ளைகள் கைதவறி அழுத்தியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாவிட்டால், லினக்ஸின் கட்டளைத் திரையைத் திறந்து ஆர், எஃப், கே, ஐ, எல், எல் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ‘லிஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் தட்டுங்கள். ‘ஹார்ட் புளொக்ட்’ என்பதற்கு எதிரே ‘யெஸ்’ என்று வந்தால் பெரும்பாலும் கையால் தள்ளும் சுவிட்ச் மூடியிருக்கிறது. ‘சொஃப்ட் புளொக்ட்’ என்பதற்கு எதிரே ‘யெஸ்’ என்றால் மென்பொருள் மூடியிருக்கிறது. அதே ஆறு எழுத்துகளுக்குப் பின் ‘அன்புளொக் வைஃபை’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் திறக்கும்.

சுவிட்ச் திறந்திருந்தும் வைஃபை என்ற சொல்லே அமைப்புத் திரையில் காணவில்லையா? அப்படியானால் அட்டைக்குரிய ஃபேர்ம்வேர் இல்லாமல் இருக்கலாம். ஃபேர்ம்வேர் என்பது அட்டைக்குள்ளேயே ஓடும் சின்ன மென்பொருள். இது பெரும்பாலும் அட்டையைச் செய்த நிறுவனத்தின் சொத்து. திறந்த மூலக் கொள்கையைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த சில லினக்ஸ் பதிப்புகள் முன்னர் அதைச் சேர்க்காமலே வந்தன. டெபியன் என்ற பதிப்பின் நிறுவுத் தட்டில் 2023 இல் வந்த பன்னிரண்டாம் வெளியீட்டிலிருந்துதான் அது வழமையாகச் சேர்க்கப்பட்டது. புரோட்கொம் அட்டைகள் உள்ள பழைய கணினிகளில் இந்தத் தொல்லை அதிகம். டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளை, கணினி விழித்த நேரம் முதல் எழுதிய நாட்குறிப்பைக் காட்டும். சில பதிப்புகளில் அதற்கு நிர்வாகியின் அனுமதி வேண்டும். அதில் ஃபேர்ம்வேர் கிடைக்கவில்லை என்ற வரி இருந்தால் நோய் தெரிந்துவிட்டது.

ஆனால் மருந்தை இறக்க இணையம் வேண்டுமே? இங்கேதான் கைபேசி கைகொடுக்கும். சார்ஜ் செய்யும் கம்பியால் கைபேசியைக் கணினியோடு இணைத்து, கைபேசியில் ‘யூ.எஸ்.பி. டெதரிங்’ என்பதைத் திறந்தால், லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். டேட்டா இல்லாவிட்டாலும் பல கைபேசிகள் தாம் பிடித்த வைஃபையையே இப்படிக் கம்பி வழியாகக் கொடுக்கும். அன்றிரவு இந்த வழி எமக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை இரண்டு மணித்தியாலம் அழுதிருக்க மாட்டாள்.

இரண்டாவது: பெயர் காதில் விழுகிறதா?

அக்கம்பக்கத்து இணைப்புகளின் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, எமது பெயர் மட்டும் இல்லை. இதற்கு இரண்டு காரணங்கள் வழமையானவை.

ஒன்று, அலைவரிசை. வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என இரண்டு பட்டைகளில் ஓடுகிறது. பழைய அட்டைகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். ரவுட்டரில் 5 மட்டும் திறந்திருந்தால் அவை செவிடு போல இருக்கும். 2.4 வேகம் குறைந்ததானாலும் சுவர்களைத் தாண்டிப் போவதில் கெட்டிக்காரன். கல்வீடுகளுக்கு அதுவே உதவும்.

மற்றது, அலைவரிசை எண். 2.4 பட்டையில் 1 முதல் 13 வரை எண்கள் உள்ளன. அமெரிக்காவில் வழமையாக 11 வரைதான் பாவனை. அந்த நாட்டுக்கென அமைக்கப்பட்ட அட்டை, 12 இலோ 13 இலோ பேசும் ரவுட்டரைக் காணாது. ரவுட்டரை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றில் நிறுத்திவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதுவதுமில்லை.

மூன்றாவது: சாவி பொருந்துகிறதா?

பெயர் தெரிகிறது, அழுத்தினால் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. எமது மாணவிக்கு நேர்ந்தது இதுதான். இங்கே பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வழமையாக வீடுகளில் உள்ள டபிள்யூ.பி.ஏ. 2 முறையில், நீங்கள் தட்டும் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். கணினி அந்தச் சொல்லையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4096 தடவை கடைந்து ஒரு நீண்ட சாவியை எடுக்கும். ரவுட்டரும் அதே சாவியை வைத்திருக்கும். சாவி காற்றில் போவதில்லை. இருவரும் நான்கு செய்திகளைப் பரிமாறி, தம்மிடம் ஒரே சாவி உண்டு என்பதை ஒருவருக்கொருவர் நிரூபிக்கிறார்கள். ஆகவே ஒரே ஓர் எழுத்து மாறினாலும், பெரிய எழுத்து சின்ன எழுத்தானாலும், விடை ‘இல்லை’தான். ‘கிட்டத்தட்டச் சரி’ என்பது இங்கே கிடையாது.

எனவே முதலில் கடவுச்சொல்லை மறைக்கும் புள்ளிகளுக்குப் பக்கத்தில் உள்ள கண் படத்தை அழுத்தி, தட்டியதைக் கண்ணால் பாருங்கள். அன்றிரவு நாம் அப்படிப் பார்த்தபோது திரையில் தமிழ் எழுத்துகள் நின்றன! மாணவி முன்னதாகத் தமிழில் ஒரு கடிதம் தட்டியிருந்தாள். விசைப்பலகை தமிழிலேயே இருந்துவிட்டது. புள்ளிகளுக்குள் மறைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. தமிழிலும் சிங்களத்திலும் தட்டுகிற எமது வீடுகளில் இது அடிக்கடி நேரும். கடவுச்சொல் தட்டுமுன் திரையின் மூலையில் எந்த மொழி நிற்கிறது என்று பாருங்கள்.

எழுத்து சரியாக இருந்தும் கேட்கிறதா? பழைய கடவுச்சொல் கணினியின் நினைவில் இருக்கலாம். அந்த இணைப்பை அமைப்புத் திரையில் முற்றாக நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். ரவுட்டருக்குக் கிட்டப் போயும் முயன்று பாருங்கள். அலை மெலிந்து செய்தி இடையில் தொலைந்தாலும் கணினி, பாவம், கடவுச்சொல் பிழை என்றே எண்ணிக்கொள்ளும்.

கடைசியாக, பூட்டின் வகை. 2018 இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 என்ற புதிய வகையைப் பழைய அட்டைகள் பல அறியா. ரவுட்டரில் அது மட்டும் தெரிவாகியிருந்தால், ‘டபிள்யூ.பி.ஏ. 2, ஏ.ஈ.எஸ்.’ என்பதற்கு மாற்றலாம். ஆனால் அதற்குக் கீழே இறங்க வேண்டாம். ஏனென்றால் 1997 இல் வந்த ‘வெப்’ என்ற முதல் பூட்டின் பலவீனத்தை 2001 இலேயே ஃபுளூரர், மன்டின், ஷமீர் என்ற மூன்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். இன்று அதைச் சில நிமிடங்களில் உடைக்கலாம். அதற்கு மாற்றாக 2003 இல் டபிள்யூ.பி.ஏ. வும் 2004 இல் டபிள்யூ.பி.ஏ. 2 உம் வந்தன.

டபிள்யூ.பி.ஏ. 2 இலும் 2017 இல் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. பெல்ஜியத்து ஆய்வாளர் மத்தி வன்ஹூஃப், நாம் மேலே சொன்ன நான்கு செய்திகளில் ஒன்றைத் திரும்ப அனுப்பி ஏமாற்றலாம் என்று நிரூபித்தார். லினக்ஸ் கணினிகள் அதில் மோசமாகப் பாதிக்கப்படக் கூடியவையாக இருந்தன. ஆனால் அந்தச் செய்தி வெளியான நாளிலேயே திருத்தமும் வெளிவந்தது. மூல நிரல் திறந்திருந்ததால் திருத்தத்தை யாரும் வாசித்துப் பார்க்க முடிந்தது. திருத்தம் கிடைத்தது உண்மை. அதை இறக்கிக்கொண்டவர்களுக்குத்தான் அது பயன்பட்டது. ஆகவே மாதம் ஒருமுறையாவது கணினியைப் புதுப்பியுங்கள்.

நான்காவது: முகவரி கிடைத்ததா?

சாவி பொருந்திய பின்னர் ரவுட்டர் கணினிக்கு ஓர் எண்ணைக் கொடுக்கும். வீட்டு ரவுட்டர்களில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கடிதம் வந்து சேர வீட்டிலக்கம் வேண்டுவது போல. வட்டம் சுற்றிச் சுற்றி, முகவரி பெற முடியவில்லை என்று இணைப்பு விழுந்தால், ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். ஒரே ரவுட்டரில் நிறையப் பேர் வந்து போகும் இடங்களில் கொடுப்பதற்கு எண்கள் தீர்ந்துபோவதும் உண்டு.

ஐந்தாவது: இணைப்பு உண்டு, இணையம் இல்லை

எல்லாம் சரி என்று படம் காட்டுகிறது, பக்கம் திறக்கவில்லை. டேட்டா முடிந்துவிட்டதா, கட்டணம் கட்டப்படாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எமது படிப்பறையிலும் இப்படி நேர்ந்திருக்கிறது.

பிறகு கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய கணினிக்குள் நேரத்தைக் காக்கும் சின்ன வட்ட பெட்டரி ஒன்று இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால், கணினி அணைந்து எழும்போது திகதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். வங்கி, அரச திணைக்களம், பல்கலைக்கழகம் போன்றவற்றின் இணையப் பக்கங்கள் ஒவ்வொன்றும் தம்மை நிரூபிக்க ஒரு சான்றிதழைக் காட்டும். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் நாள் அதற்குள் அடங்காவிட்டால் ‘பாதுகாப்பற்றது’ என்று கதவை மூடிவிடும்.

எமது மாணவிக்கு இரண்டாவதாக நேர்ந்தது இது. விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றியதும் வைஃபை இணைந்தது. எல்லாரும் கைதட்டினோம். விண்ணப்பப் பக்கம் திறக்கவில்லை. மறுபடியும் அழுகை. திரையின் மேலே இருந்த திகதியை அவளுடைய தம்பிதான் கண்டான். அவள் பிறப்பதற்கு முந்திய ஓர் ஆண்டு அங்கே நின்றது. நேரத்தைத் தானாகப் பெறும் வசதி அணைந்திருந்தது. அதைத் திறந்துவிட்டோம். அடுத்த நிமிடம் பக்கம் வந்தது. கடையில் புதிய பெட்டரி வாங்கிப் போட்டது மறுநாள்தான்.

பூட்டைக் கழற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வைஃபை உடனே இணைந்திருக்கும். திகதிப் பழுது அப்படியே இருந்திருக்கும். பூட்டு மட்டும் போயிருக்கும்.

பூட்டு யாருக்காக?

எம்மிடம் திருட என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. ஊரை விட்டு வந்த குடும்பத்திடம் என்ன இருக்கிறது என்று நாமே எண்ணிப் பார்ப்போம். மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் தப்பிய பிறப்புச் சான்றிதழின் படம். காணி அனுமதிப்பத்திரத்தின் படம். அடையாள அட்டை. நட்டஈட்டு விண்ணப்பத்தின் பிரதி. வெளிநாட்டில் இருக்கும் மகனின் பணம் வந்து சேரும் கணக்கு இலக்கம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியபோது, ஒரு கடதாசியின் பெறுமதி என்ன என்பதை நாம் கண்ணால் கண்டோம். இருப்பவரைவிட இழந்தவருக்கே எஞ்சியிருப்பதைப் பூட்டி வைக்கும் தேவை அதிகம்.

பூட்டில்லாத வைஃபையில், தனியாக மறைகுறியாக்கப்படாத எதையும் அருகில் இருக்கும் அந்நியர் கேட்கலாம். உங்கள் டேட்டாவை யாரும் தீர்க்கலாம். உங்கள் இணைப்பிலிருந்து யாரோ செய்த குற்றத்துக்கு உங்கள் கதவு தட்டப்படலாம்.

அதே வேளை, பூட்டின் எல்லையையும் அறிய வேண்டும். வைஃபைப் பூட்டு கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் மட்டுமே காவல். இந்தியாவின் தரம்சாலாவில் புகலிடம் பெற்ற திபெத்திய மக்கள் நடுவே, 2005 இல் வீட்டுக்கூரைகளிலும் மலைச்சரிவுகளிலும் சிறு ரவுட்டர்களை வைத்து ஒரு கம்பியில்லா வலை கட்டப்பட்டது. அந்த முயற்சி பின்னர் ஏர்ஜல்தி என்ற பெயரில் வளர்ந்தது. குரங்குகள் தொங்கும் அலைவாங்கிகளோடு போராடி, திறந்த மூல மென்பொருளை வைத்தே அவர்கள் அதை நடத்தினார்கள். ஆனால் 2009 இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப் வெளிக்கொணர்ந்த ஒற்றர் வலை, 103 நாடுகளில் 1,295 கணினிகளுக்குள் நுழைந்திருந்தது. திபெத்தியப் புகலிட அலுவலகங்களும் அவற்றுள் அடங்கும். அந்த ஒற்றர்கள் வைஃபைப் பூட்டை உடைத்து வரவில்லை. மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிய கோப்புகளின் வழியாக வந்தார்கள். கதவைப் பூட்டிவிட்டு, முன்பின் தெரியாதவர் தந்த பொதியை உள்ளே எடுத்து வைத்தால் பூட்டு என்ன செய்யும்?

தலைமடை மூடியிருக்கும் நாட்கள்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2018 மார்ச் 5 ஆம் திகதி திகனயில் மூண்ட வன்முறையில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 7 ஆம் திகதி முதல் சுமார் ஒரு வாரம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் போன்றவற்றை அரசாங்கம் நாடெங்கும் தடைசெய்தது. அத்தகைய நாளில் ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. வேறு பக்கங்கள் திறந்து, குறிப்பிட்ட சில மட்டும் எல்லாருடைய கைபேசியிலும் நின்றிருந்தால், அடைப்பு உங்கள் வயலில் இல்லை, தலைமடையில் என்று விளங்கிக்கொள்ளலாம். தன் மடையைத் தோண்டிக் களைப்பதைவிட, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. பழுதுபார்ப்பதில் அயலாரும் ஒரு கருவி.

சேர்ந்து கற்றவர்கள்

இந்தக் கலை எமக்கு அந்நியமானதல்ல. விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனதை இங்குள்ள முதியவர்கள் மறக்கவில்லை. கொத்மலையிலும் அதே மகாவலித் திட்டத்துக்காகக் கிராமங்கள் நீருக்குள் போயின. அந்தப் பகுதியில் 1989 இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு இணையத்தையும் கையில் எடுத்தது. கணினி காணாத கிராமத்தவர் தம் கேள்விகளை நிலையத்துக்கு அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, விடையைத் தம் மொழியில் ஒலிபரப்புவார்கள். அனுராதபுர மாவட்டத்தின் மகாவிலச்சிய என்ற விவசாயக் கிராமத்தில் 2006 இல் வீடுகளைக் கம்பியில்லா வலையால் இணைத்தார்கள். நெல் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளைகள் அதில் கணினி பழகினார்கள்.

இந்த இடங்களிலெல்லாம் வெளியிலிருந்து உதவி வந்தது உண்மை. ஆனால் உதவியாளர் ஊருக்குப் போன பின்பு, மழையில் நனைந்த கம்பியையும் மறந்துபோன கடவுச்சொல்லையும் பார்க்க வேண்டியவர்கள் ஊரவர்களே. வெளியாரை நம்பியே இருக்கும் இணைப்பு, வெளியார் வராத நாளில் நின்றுவிடும்.

எமது படிப்பறையில் இப்போது ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி தொங்குகிறது. இணைப்பு நின்ற நாள், கண்ட குறை, செய்த காரியம் என்று மூன்று நிரல்கள். முதல் வரியை அந்த மாணவியே எழுதினாள்: “விசைப்பலகை தமிழில் இருந்தது. திகதி பிழையாக இருந்தது. இரண்டும் சரிசெய்தோம்.” அவளுடைய விண்ணப்பம் அன்றிரவு பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது யாருக்காவது இணைப்பு நின்றால், கணினியைக் குறை சொல்லாமல் முதலில் கொப்பியைப் புரட்டுகிறார்கள். பல தடவை விடை அதிலேயே இருக்கிறது.

சுவரில் ஒட்டி வைக்க

1. வேறொரு கைபேசியில் அதே வைஃபை வருகிறதா?
2. வைஃபை சுவிட்ச் திறந்திருக்கிறதா? விமான நிலை அணைந்திருக்கிறதா?
3. கணினிக்குத் தன் அட்டை தெரிகிறதா? ஃபேர்ம்வேர் உண்டா?
4. எமது வைஃபையின் பெயர் தெரிகிறதா? ரவுட்டரின் எண் 1, 6, 11 இல் ஒன்றா?
5. விசைப்பலகை எந்த மொழியில் நிற்கிறது? கடவுச்சொல்லைக் கண்ணால் பார்த்தீர்களா?
6. முகவரி கிடைத்ததா? டேட்டா மிச்சம் உண்டா?
7. கணினியின் திகதி இன்றைய திகதியா?
8. எதைச் செய்தாலும் பூட்டைக் கழற்ற வேண்டாம். செய்ததைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.